விரற்கடை

குளத்தை முழுசாக வற்றச் செய்ய வேண்டாம்,
ஒரு சாண் இறக்கினால் போதும் என்றேன்.
அதையும் எழுதிக்கொண்டார் குழுத் தலைவி பத்மலோசனி:
அந்த ஒரு சாண் தண்ணீருக்கு யார் கட்டணம்?

தஞ்சோங் பூங்கா. கடலுக்கு முதுகு காட்டி நிற்கும் பதினான்கு மாடி.
நீல ஓடுகள் இன்னும் உறுதி,
ஓரம்தான் போயிற்று.
கை ஊன்றி ஏறும் இடமெல்லாம் மாவாய் உதிர்ந்து
ஜல்லி பல் இளிக்கிறது.
எட்டாவது மாடி புவான் ரொஹாயத்தி
காலை நீச்சலில் திரும்பும்போது பற்றிய இடம்
உள்ளங்கையைக் கிழித்துவிட்டது.
பிளாஸ்திரி ஒட்டிய கையாலேயே
புகாரில் கையெழுத்து.

சுத்தியலால் தட்டிக்கொண்டே
முட்டி போட்டுச் சுற்றி வந்தேன்.
டங். டங். டங். இருக்கிறது.
டொப். இங்கே இல்லை.
தர்பூசணி வாங்குகிறவனின் காது வேண்டும் இதற்கு.
டொப் என்ற இடத்திலெல்லாம்
ஷாஹின் சாக்கட்டியால் வட்டம் போட்டான்.
முப்பத்தொரு வட்டம்.

"போன தடவை எவன் செஞ்சானோ,
காசை வாங்கிட்டுப் பூசி மெழுகிட்டுப் போயிட்டான்."
"ஆமாங்க, யாரோ" என்றேன்.

ஆழமான பக்கம், ஏணிக்கு அருகில்,
உளியை வைக்கப் போய் நிறுத்தினேன்.
கரண்டியை இழுத்து முடிக்கையில்
இடப்பக்கமாக ஒரு வால் விழும் எனக்கு.
இடக்கைப் பழக்கம்.
பதினொரு வருடத்து வால்
அப்படியே கிடக்கிறது சிமெண்டில்.

அப்போது லோரி சந்திரகாசனுடையது,
பில்லில் இருந்த பெயரும் அவனுடையது.
கை மட்டும் என்னுடையது.

ஓரத்துக்கும் நடைதளத்துக்கும் நடுவே
விரற்கடை அகலத்தில் ஒரு சந்து
முதலில் கட்டியவர்கள் விட்டிருந்தார்கள்.
உள்ளே காய்ந்த தார், எறும்பு, ஒரு காதணித் திருகு.
அழுக்கு என்று நினைத்தேன்.
சுரண்டி எடுத்து, சிமெண்டு திணித்து,
ஒரே பரப்பாக இழுத்து,
மட்டப்பலகை வைத்து, படமும் எடுத்துக்கொண்டேன்.

மத்தியானம் தளம் வீங்கும்.
நகர இடமில்லை, ஓரத்தை முட்டும்.
ராத்திரி சுருங்கும்.
மறுநாள் மறுபடி முட்டும்.
வெடித்த இடத்தில் உப்புக்காற்று போய்
கம்பி துருவேறி ஊதி
உள்ளிருந்தே பிளந்துவிட்டது.

நல்ல கான்கிரீட் தட்டுப்படும்வரை கொத்தினோம்.
கம்பியைத் தேய்த்துச் சாம்பல் பூச்சு அடித்தோம்.
கொத்திய குழி ஈரமாக இருக்கணும்,
தண்ணீர் நிற்கக் கூடாது.
பசைக்குழம்பு காய்வதற்குள் கலவையை அழுத்தணும்.
விளிம்பை வளைக்க எந்தக் கருவியும் பத்தாது,
கையுறையைக் கழற்றி
உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன்,
குறுகுறுக்காத வரைக்கும்.

நாலு மணிக்கு மழை.
கலவை இறுகவில்லை.
கித்தானின் நாலு மூலைக்கு நான், ஷாஹின், காவலாளி;
நாலாவதைப் பிடித்தவர் பத்மலோசனி.
பட்டுச்சேலை நனைய, கணக்குப் புத்தகம் கக்கத்தில்,
இருபது நிமிடம் ஒன்றும் பேசாமல் நின்றார்.
சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது.
மழை சத்தமாக இருந்தது.

வாரக் கடைசியில் சுற்றிப் பார்க்க வந்தார்.
புதுத் துண்டுகள் வெளிறித் தெரிந்தன,
முப்பத்தொரு பொய்ப்பல்.
"வெயில் பட்டா மங்கிடும்" என்றேன்.
குனிந்து சந்தில் விரலை விட்டார்.
"இங்க விட்டுட்டீங்க."
"விட்டுடலைங்க. விட்டிருக்கேன்.
ரப்பர் பசை போடுவேன், அமுங்கி அமுங்கி எழும்."

பில்லைத் திருப்பிப் பார்த்தார்.
சந்து வேலைக்கு எதிரே தொகை இல்லை.
"இது ஏன் சும்மா?"
"பழைய பாக்கி."
கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்,
இடது கையில் நான் நீட்டிய பேனாவைப் பார்த்தார்,
கையெழுத்துப் போட்டார்.

எட்டாவது மாடி பால்கனியிலிருந்து
நீந்துவதுபோல் கையை வீசிக் காட்டினாள் ரொஹாயத்தி.
எப்போது?
ஏழு விரல் காட்டினேன்.
ஆறு காட்டினாள்.
தலையை ஆட்டினேன், முடியாது.
ஆறரைக்கு
விரலைப் பாதியாக மடக்குகிறாள்.